வாசல் சாக்கடை மூடி ‘டொடக்’ என்கிறதா?

எங்கள் வீட்டுக்கு வெகுநாள் காலிங் பெல் கிடையாது. தேவைப்படவில்லை. கேட்டைத் திறந்து உள்ளே வந்ததும் வாசலுக்குக் குறுக்கே ஒரு சின்னச் சாக்கடை ஓடுகிறது. அதன் மேல் வரிசையாக எட்டு சிமெண்டு மூடிகள். இடமிருந்து மூன்றாவது மூடி மட்டும், யார் கால் வைத்தாலும் ‘டொடக்’ என்று குரல் கொடுத்துவிடும். ஒரே ஒரு ‘டொடக்’ என்றால் பால்காரர். அடுத்தடுத்து இரண்டு என்றால் என் கணவரின் ஸ்கூட்டர். முன் சக்கரத்துக்கு ஒன்று, பின் சக்கரத்துக்கு ஒன்று. அடுப்படியில் நின்றபடியே வந்தது யாரென்று சொல்லிவிடுவேன். வருகிற விருந்தாளிகளிடமெல்லாம் இதைப் பெருமையாக வேறு சொல்லிக்கொண்டிருந்தேன். என் புத்தியை என்னவென்று சொல்வது!

போன ஆவணியில் ஒரு நாள் விடியற்காலை. நான் உள்ளே குழந்தைக்குப் பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன். அத்தை (என் மாமியார்) வாசல் தெளிக்கப் போனார். ‘டொடக்’ என்றது. கூடவே வாளி உருளும் சத்தம். அப்புறம், “அம்மிணீ...” என்று ஒரு குரல். ஓடிப் போய்ப் பார்த்தால் மூடி ஒரு பக்கமாகச் சாய்ந்து, அத்தையின் வலது கால் கெண்டைக்கால் வரை சாக்கடைக்குள் இருந்தது. விழும்போது கையை ஊன்றியிருக்கிறார். மணிக்கட்டு எலும்பு முறிந்துவிட்டது. ஆறு வாரம் மாவுக்கட்டு!

கட்டுப் போட்ட டாக்டரம்மா ஒரு விஷயம் சொன்னார். மாதவிலக்கு நின்ற பிறகு பெண்களுக்கு எலும்பின் உறுதி குறைந்துகொண்டே போகுமாம். அந்த வயதில் தடுமாறி விழுகிறவர்கள் கையை ஊன்றினால் மணிக்கட்டு முறிகிறது. பக்கவாட்டில் விழுந்தால் இடுப்பெலும்பு. இடுப்பெலும்பு முறிந்தவர்கள் மறுபடி பழையபடி எழுந்து நடமாடுவது எத்தனை கஷ்டம் என்று நம் எல்லோருக்குமே தெரியும். “மணிக்கட்டோடு போயிற்றே என்று சந்தோஷப்படுங்கள்” என்றார்.

அத்தை என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் சங்கடமாக இருந்தது. அந்த மூடி ஆடுவது எனக்கு ஒரு வருஷமாகத் தெரியும். தினமும் காலையில் கோலம் போடும்போது நான் அதைத் தாண்டித்தான் காலை வைப்பேன். எனக்கு வேண்டியதை நான் பார்த்துக்கொண்டேன். வீட்டில் மற்றவர்களுக்கும் கால் இருக்கிறது என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

ஓட்டாஞ்சில்லு வைத்தியம்

நாங்கள் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல முடியாது. முதலில் என் கணவர் ஒரு ஓட்டாஞ்சில்லை எடுத்து மூடியின் மூலைக்கு அடியில் செருகினார். நாலு நாள் சத்தம் இல்லை. ஐந்தாம் நாள் சில்லு நொறுங்கிப் பொடியாகி, ஆட்டம் முன்னைவிட அதிகமாயிற்று. அப்புறம் அட்டையை மடித்து வைத்தோம். அது ஊறிக் கூழாகிவிட்டது. “ஞாயித்துக்கிழமை பாத்துக்கலாம்” என்றார். எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை வந்தது, போயிற்று.

அத்தை விழுந்த மறுநாளே ஒரு கொத்தனாரைக் கூப்பிட்டு வந்தார். வந்தவர் அரை நாளில் வேலையை முடித்துவிட்டார். எட்டு மூடிகளையும் சுற்றிலும் சிமெண்டுக் கலவை வைத்து அப்படியே பூசி, ஒரே தளமாக ஆக்கிவிட்டார். ஆட்டமும் இல்லை, சத்தமும் இல்லை. பார்க்கவும் மழமழவென்று அழகாக இருந்தது. கோலம் போட எத்தனை வசதி என்று மகிழ்ந்துபோனேன்.

ஐப்பசி பிறந்தது. எங்கள் காரமடைப் பக்கம் மழையை எல்லோரும் எதிர்பார்க்கிற மாதம் அது. இரண்டு நாள் விடாமல் பிடித்த மழையில் வேப்பிலையும் மண்ணும், எங்கிருந்தோ வந்த ஒரு பாலிதீன் பையும் சேர்ந்து மூடிக்கு அடியில் அடைத்துக்கொண்டன. தெருச் சாக்கடைக்குப் போக வேண்டிய தண்ணீர் திரும்பிப் போர்டிகோ படிவரை வந்துவிட்டது. மூடியைத் திறக்கலாம் என்றால் எங்கே திறப்பது? தூக்குவதற்கு இருந்த இரும்பு வளையங்களைக்கூடக் கொத்தனார் பூசி மறைத்திருந்தார்! கடைசியில் சுத்தியலும் உளியும் கொண்டு உடைத்ததில் மூன்று மூடிகள் துண்டு துண்டாகப் போயின. நின்ற தண்ணீரில் கொசு பெருகி, குழந்தையை வைத்துக்கொண்டு நான் பட்ட பயம் இருக்கிறதே!

அப்புறம்தான் என் அண்ணி ஒரு பெரியவரைச் சொல்லி அனுப்பினார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். பழைய மேஸ்திரி. இப்போது பெரிய வேலைகளுக்குப் போவதில்லையாம். வந்து குந்தி உட்கார்ந்து பார்த்தவர் முதலில் கேட்ட கேள்வி இது.

“ஏனுங் அம்மிணி, தொறக்காம பூசிப்போடறதுன்னா மூடி எதுக்குங்க? ஒரேயடியாக் காங்கிரீட்டே போட்டுட்டுப் போயிருக்கலாமில்லீங்க?”

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. மூடி ஆடுகிறது என்று நான் குறைப்பட்டுக்கொண்டபோது, “மூடி மேல தப்பில்லீங்க. அது உக்கார்ற எடம் போயிருச்சுங்க. எடத்தச் சரி பண்ணீட்டா மூடி தானா உக்காந்துக்கும்” என்றார்.

(சிந்துவெளியில் மொகஞ்சதாரோவின் தெருச் சாக்கடைகளைச் செங்கல்லால் கட்டி, மேலே செங்கல்லையும் கற்பலகையையும் பரப்பி மூடியிருந்தார்கள் என்று படித்திருக்கிறேன். அவற்றை வேண்டும்போது எடுத்துச் சுத்தம் செய்யலாமாம். நாலாயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் இருந்தவர்களுக்குத் தெரிந்தது எங்கள் முதல் கொத்தனாருக்குத் தெரியாமல் போயிற்று!)

ஏன் ஆடுகிறது?

மேஸ்திரி சொல்லித்தான் நான் முதன்முதலாக மூடிக்கு அடியில் எட்டிப் பார்த்தேன். எங்கள் சாக்கடை ஒன்பது அங்குல அகலம், ஏறக்குறைய ஒரு அடி ஆழம். அதன் இரு பக்கமும் மேல் விளிம்பில் மூன்று மூன்று அங்குலத்துக்கு ஒரு படி விட்டுக் கட்டியிருக்கிறார்கள். மூடி உட்காருவது அந்தப் படியின் மேல்தான். எங்கள் மூன்றாவது மூடி இருந்த இடத்தில் அந்தப் படியின் பூச்சு உதிர்ந்து, செங்கல் தெரிந்தது. ஸ்கூட்டர் தினமும் அந்த இடத்தில்தான் ஏறி இறங்குகிறது. ஒரு மூலை கொஞ்சம் தணிந்தால் போதும், மூடி தட்டத் தொடங்கிவிடும். தட்டத் தட்டப் பூச்சு மேலும் உதிரும். உதிர்ந்த பொடி இன்னொரு மூலைக்கு அடியில் சேர்ந்து அதைத் தூக்கும். நான் காலிங் பெல் என்று நினைத்தது ஒரு வருஷமாகப் படி நொறுங்கிக்கொண்டிருந்த சத்தம்!

உங்கள் வீட்டு மூடியை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். சுவரையோ கேட்டையோ பிடித்துக்கொண்டு, மூடியின் நாலு மூலையிலும் ஒவ்வொன்றாகக் காலால் அழுத்துங்கள். எதிரெதிர் மூலைகள் மாறி மாறி எழும்பினால், அடியில் கல்லோ மண்ணோ சிக்கியிருக்கலாம்; அல்லது ஒரு மூலை தணிந்திருக்கலாம். ஒரு பக்கம் முழுவதுமே அமுங்கினால் அந்தப் பக்கத்துப் படி போய்விட்டது என்று அர்த்தம். இதில் உடனே கவனிக்க வேண்டியது இரண்டாவதுதான். அத்தை விழுந்தது அப்படித்தான்.

குற்றம் மூடியிலா, படியிலா என்று தெரியவில்லையா? பக்கத்தில் ஆடாமல் இருக்கிற மூடியை எடுத்து இந்த இடத்தில் வைத்துப் பாருங்கள். அதுவும் ஆடினால் குற்றம் படியில். அது ஆடாமல் அழகாக உட்கார்ந்தால் பழைய மூடிதான் கோணல். இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் புது மூடி வாங்கிப் போட்டுப் பணத்தை வீணாக்குகிறவர்கள் நிறையப் பேர் என்று மேஸ்திரி சொன்னார்.

தூக்குவதற்கு முன்னால்

ஒன்றே கால் அடிக்கு ஒன்றரை அடி, மூன்று அங்குலக் கனம் உள்ள ஒரு சிமெண்டு மூடி முப்பது கிலோவுக்கு மேல் இருக்கும். ஒரு ஆள் தனியாகத் தூக்கக் கூடாது. பெண்கள் நாம், அதிலும் பிரசவம் ஆகிச் சில மாதமே ஆனவர்கள், கிட்டவே போக வேண்டாம். கடப்பாரையால் ஒரு பக்கம் நெம்பி, உடனே ஒரு மரக்கட்டையை அடியில் கொடுத்துவிட வேண்டும். விரலை மட்டும் எக்காரணம் கொண்டும் உள்ளே விடக் கூடாது. நசுங்கும் என்பது ஒன்று. தேளும் பூரானும் குடியிருக்கப் பிடித்தமான இடம் அது என்பது இன்னொன்று. எங்கள் ஐந்தாவது மூடிக்கு அடியில் கட்டை விரல் தடிமனில் ஒரு பூரான் இருந்தது. அத்தை போட்ட சத்தம் தெருக்கோடி வரை கேட்டிருக்கும்.

எடுக்கும்போதே ஒவ்வொரு மூடிக்கும் சாக்பீஸால் ஒன்று, இரண்டு என்று எண் போட்டுவிடுங்கள். மேல் பக்கம் எது என்பதற்கும் ஒரு அடையாளம் வேண்டும். ஏனென்றால் மூடிக்குள் இருக்கிற கம்பியைக் கீழ்ப் பக்கத்தை ஒட்டித்தான் வைத்திருப்பார்கள். மேலே பாரம் ஏறும்போது கீழ்ப் பக்கம்தான் விரிந்து விரிசல் விடப் பார்க்கும். அதை அந்தக் கம்பிதான் பிடித்து நிறுத்துகிறது. தலைகீழாகத் திருப்பிப் போட்டால் கம்பி மேலே போய்விடும். அழுக்குப் படாத பக்கம் மேலே இருக்கட்டும் என்று நான் திருப்பிப் போடச் சொன்னேன். மேஸ்திரி சிரித்துவிட்டார்.

இன்னொன்று. மூடியைத் திறந்த பிறகு இடத்தை விட்டு நகரக் கூடாது. 2019 அக்டோபரில், தீபாவளி சமயம், மணப்பாறைக்குப் பக்கத்தில் நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை ஆழ்துளைக் கிணற்றில் விழுந்து, நாலு நாள் போராடியும் உயிரோடு மீட்க முடியாமல் போனதை எந்தத் தாயால் மறக்க முடியும்? நம் வாசல் சாக்கடை அத்தனை ஆழம் இல்லைதான். ஆனால் தவழுகிற குழந்தை தலைகுப்புற விழுந்தால் சில அங்குலத் தண்ணீரே ஆபத்து. வேலை நடந்த நாட்களில் நான் இரண்டு நாற்காலிகளைக் கவிழ்த்துப் போட்டு, குறுக்கே கயிறு கட்டி, ராத்திரியில் பலகை போட்டு மூடிவிடுவேன்.

மழைத் தண்ணீர் தேங்கி நிற்கும்போது ‘அடைப்பை எடுக்கிறேன்’ என்று மூடியைத் திறந்து வைக்கிற வழக்கமும் கூடாது. 2017 ஆகஸ்ட் 29-ந் தேதி மும்பையில் கொட்டிய பேய்மழையில், புகழ்பெற்ற டாக்டர் தீபக் அமராபுர்கர் வெள்ளத்தில் நடந்து போகும்போது, திறந்து கிடந்த பாதாளச் சாக்கடைக் குழியில் விழுந்து இறந்து போனார். தண்ணீர் மூடிவிட்டால் குழி எங்கே, தரை எங்கே என்று படித்தவருக்கும் தெரியாது, பெரியவருக்கும் தெரியாது.

படியைச் சரி செய்த விதம்

மேஸ்திரி தை மாதம் வந்தார். “மழை நிக்கட்டுங்க, ஈரத்துல பூசுனா நிக்காதுங்க” என்று சொல்லிவிட்டுப் போனவர், பொங்கல் முடிந்ததும் சொன்னபடி வந்துவிட்டார். மாசி மகத்துக்கு அரங்கநாதர் தேர். ஊரே நிறைந்து வழிகிற சமயம் அது. எங்கள் வீட்டுக்கும் சொந்தக்காரர்கள் குழந்தை குட்டிகளோடு வந்துவிடுவார்கள். அதற்குள் முடிய வேண்டும் என்று நான் கறாராகச் சொல்லிவிட்டேன்.

முதல் நாள் சுத்தம் செய்வது மட்டும்தான். சாக்கடையில் இருந்த சகதியை வாரி, கம்பி பிரஷ்ஷால் படியைத் தேய்த்து, உதிர்கிற பழைய பூச்சை உளியால் கொத்தி எடுத்தார். தட்டினால் ‘ணங்’ என்று கெட்டிச் சத்தம் வருகிறவரை கொத்த வேண்டுமாம். ‘பொத்’ என்று சத்தம் வந்தால் உள்ளே பொக்கை. இந்த வேலையில் சோம்பல் பட்டால் மேலே எத்தனை நல்ல சிமெண்டு வைத்தாலும் பட்டை பட்டையாக உரிந்து வந்துவிடும்.

பிறகு தண்ணீர் ஊற்றி நன்றாக ஊற விட்டார். காய்ந்த செங்கல் கலவையில் இருக்கிற தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். சிமெண்டு இறுகத் தண்ணீர் போதாது. இரண்டாம் நாள் சிமெண்டைப் பால்போலக் கரைத்துத் தடவி, அது காயுமுன் கலவை வைத்தார். ஒரு பங்கு சிமெண்டு, மூன்று பங்கு மணல் (நாங்கள் எம்-சாண்ட் வாங்கினோம்). தண்ணீர் கையால் உருண்டை பிடிக்கிற பதம்தான், கொழுக்கட்டை மாவு மாதிரி. தோசை மாவு போலக் கரைத்தால் பூச சுலபம், ஆனால் காய்ந்த பிறகு வலு இருக்காது. ஒரு அங்குலத்துக்கு மேல் பள்ளமான இடத்தில் பொடி ஜல்லியும் சேர்த்தார்.

சிமெண்டு வாங்குகிறபோது கவனியுங்கள். எங்களுக்கு மொத்தமே பத்துப் பதினைந்து கிலோ போதுமாக இருந்தது. சில்லறையாக வாங்கினால் மூட்டையின் மேல் அச்சடித்திருக்கிற தயாரிப்பு வாரத்தைக் காட்டச் சொல்லுங்கள். மூன்று மாதத்துக்கு மேலான சிமெண்டில் வலு குறைந்துபோகும். கையை விட்டால் குளிர்ச்சியாக, கட்டி இல்லாமல் இருக்க வேண்டும்.

இனிமேல் சொல்வதுதான் மேஸ்திரியின் கைவித்தை. கலவை ஈரமாக இருக்கும்போதே அதன் மேல் பாலிதீன் தாளை விரித்தார். அதற்கு மேல் அந்தந்த எண்ணுள்ள மூடியை மெதுவாக இறக்கி, மேலே பலகை வைத்து ரசமட்டம் பார்த்து, லேசாகத் தட்டி உட்கார வைத்தார். மூடியின் அடிப்பக்கம் எப்படி மேடு பள்ளமாக இருக்கிறதோ, அப்படியே படியில் அச்சு விழுந்துவிட்டது! நடுவில் பாலிதீன் இருப்பதால் ஒட்டவில்லை. மறுநாள் எடுத்துவிட்டுத் தாளை உரித்தால், இட்லித் தட்டுக் குழி மாதிரி ஒவ்வொரு மூடிக்கும் அதற்கென்றே ஒரு இருக்கை. கோணல் மூடியும்கூட ஆடாமல் உட்காரும். இத்தனை எளிய காரியத்துக்கு நாங்கள் ஒரு வருஷம் ஓட்டாஞ்சில்லு வைத்துக்கொண்டிருந்தோம்!

மூடிக்கும் மூடிக்கும், மூடிக்கும் தளத்துக்கும் நடுவில் கால் அங்குலம் இடைவெளி விடச் சொன்னார். உரசாமல் இருக்கும், எடுக்கவும் வரும். கடைசியாகப் பஞ்சர் கடையில் பழைய டியூப் வாங்கி, நாலு மூலைக்கும் துண்டு வெட்டி வைத்தார். சத்தம் வராமல் இருக்க அது. ரப்பரை வைத்தே ஆட்டத்தை நிறுத்திவிடலாம் என்று நினைக்காதீர்கள். படி சரியாக இருந்தால்தான் ரப்பர் நிற்கும்.

உடைந்த மூன்றுக்குப் பதில் புது மூடிகளை வாசலிலேயே வார்த்தோம். பலகைச் சட்டத்தில், ஒன்றுக்கு ஒன்றரை மணல், மூன்று ஜல்லி. எட்டு மில்லிமீட்டர் கம்பியை நாலு அங்குலத்துக்கு ஒன்றாகக் கட்டி, அடியிலிருந்து முக்கால் அங்குலம் உயர்த்தி வைத்தார். இவற்றைத் தை பிறந்தவுடனேயே வார்த்துவிட்டதால் தேருக்குள் நன்றாகப் பழுத்துவிட்டன.

கார் ஏறுகிற வாசலாக இருந்தால் வெறும் பூச்சுப் படி தாங்காது. விளிம்புக்கு ஒன்றரை அங்குல இரும்பு ‘எல்’ ஆங்கிள் வைத்து, அதற்கு அடிக்கு ஒன்றாகக் கம்பிக் கால் வெல்டிங் செய்து, காங்கிரீட்டில் புதைக்க வேண்டும். வெறும் ஆங்கிளைச் சிமெண்டில் ஒட்டி வைத்தால் ஆறே மாதத்தில் கழன்றுவிடும். கோயமுத்தூரில் வார்ப்பட ஆலைகளுக்குப் பஞ்சமில்லை. வார்ப்பு இரும்பு மூடியாக வாங்குகிறவர்கள், அதில் வார்த்திருக்கிற எழுத்தைப் பார்க்க வேண்டும். ஆள் இறங்கும் குழி மூடிகளுக்கு இந்தியத் தர நிர்ணயத்தில் ‘எல்.டி. 2.5’ என்றால் இரண்டரை டன் சோதனைப் பாரம். ஆள் நடக்கிற, எப்போதாவது சின்ன வண்டி ஏறுகிற இடத்துக்கு. கார் நிறுத்துகிற இடத்துக்கு ‘எம்.டி. 10’.

கம்பி ஜல்லடை மூடி போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பட்டைகளுக்கு நடுவே அரை அங்குலத்துக்கு மேல் இடைவெளி வேண்டாம். சாக்கடைக்குக் குறுக்கே பட்டை போடும்போது, இடைவெளி வண்டி போகிற திசையிலேயே அமைந்துவிடுகிறது. குழந்தையின் மூன்று சக்கர சைக்கிளும் தாத்தாவின் கைத்தடியும் சரியாக அதில்தான் மாட்டும். வருஷத்துக்கு ஒரு தரம் சுரண்டி, ரெட் ஆக்ஸைடு அடித்துப் பெயிண்ட் பூசுங்கள்.

தண்ணீர் காட்டுவது நம் வேலை

மேஸ்திரி கூலி வாங்கிக்கொண்டு போய்விடுவார். சிமெண்டுக்கு வலு ஏற்றுவது வீட்டில் இருக்கிற நாம்தான். சாக்கை நனைத்துப் போட்டு, காய விடாமல் குறைந்தது பத்து நாள் ஈரமாக வைத்திருக்க வேண்டும். இப்போது கடைகளில் அதிகமாகக் கிடைக்கிற சாம்பல் கலந்த சிமெண்டுக்கு (பி.பி.சி. என்று மூட்டையில் போட்டிருக்கும்) இது ரொம்ப அவசியம், அது நிதானமாகத்தான் இறுகும். காலையில் வாசல் தெளிக்கும்போது ஒரு தரம், மத்தியானம் ஒரு தரம், விளக்கு வைக்குமுன் ஒரு தரம் என்று ஊற்றினேன். முழு வலு வர 28 நாள் ஆகும். அதுவரை ஸ்கூட்டர் வெளியே! என் கணவர் முனகினார். மாவுக்கட்டுப் போட்டிருந்த கையை அத்தை இன்னொரு கையால் தடவிக் காட்டினார். அப்புறம் முனகல் இல்லை.

அந்த நாட்களில் சாக்கின் மேலும் ஓரங்களிலும் தண்ணீர் குட்டையாக நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். டெங்கு பரப்புகிற கொசு சாக்கடைச் சேற்றைவிடத் தெளிந்த தண்ணீரைத்தான் தேடும். முட்டையிட்டு, அது கொசுவாகிப் பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். மூடியைத் தூக்குகிற வளையத்தின் குழியில் நிற்கிற கையகலத் தண்ணீர்கூட அதற்குத் தாராளம். நான் வெள்ளிக்கிழமை தோறும் அந்தக் குழிகளைத் துணியால் ஒற்றி எடுத்துவிடுகிறேன்.

வேலையின் நடுவே யாருக்காவது கம்பியோ உளியோ கீறிவிட்டால், மஞ்சளை அப்பிவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவி, ஆஸ்பத்திரிக்குப் போய் டெட்டனஸ் ஊசி போட வேண்டுமா என்று கேளுங்கள். துருதான் விஷம் என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் மண்ணிலும் சாணத்திலும் இருக்கிற கிருமிதான் காரணம். சாக்கடை ஓரத்தில் இரண்டுக்கும் குறைவில்லை.

நான் இதுவரை சொன்னது மழைத் தண்ணீரும் கழுவுகிற தண்ணீரும் போகிற திறந்த வாய்க்காலுக்குத்தான். செப்டிக் டாங்க் மூடி ஆடினால் நீங்களோ வீட்டு ஆட்களோ தொட வேண்டாம். உள்ளே இருக்கிற விஷவாயு எட்டிப் பார்க்கிறவரையே மயக்கிச் சாய்க்கும். ஆளை உள்ளே இறக்கிச் சுத்தம் செய்யச் சொல்வது 2013-ம் வருஷச் சட்டப்படி குற்றம். காரமடை 2021-ல் நகராட்சி ஆகிவிட்டது. நகராட்சியில் சொன்னால் இயந்திர லாரிக்கு வழி சொல்வார்கள்.

மாசி மகத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது எட்டு மூடிகளும் இடத்தில் உட்கார்ந்தன. முதல் காரியமாக அத்தையே வெளியே வந்து, ஒவ்வொரு மூடியின் மேலும் ஏறி நின்று, மூலைக்கு மூலை அழுத்திப் பார்த்தார். மேஸ்திரி கைகட்டிக்கொண்டு நின்றார். “ஆடலீங்களே ஆத்தா?” என்றார். அத்தை எட்டாவது மூடியில் இருந்து இறங்கிய பிறகுதான், “ஆடுலீங்” என்றார்.

மறுநாள் காலையில் கோலம் போட்டேன். மூடிகளுக்கு நடுவே விட்ட கால் அங்குல இடைவெளி, புள்ளி வைக்க ரூல் போட்ட மாதிரி இருந்தது. மாதத்துக்கு ஒரு தரம் இரண்டு மூடிகளைத் தூக்கிச் சகதி வாருகிறோம். ஐந்து நிமிஷ வேலை.

ஒரே ஒரு குறை. தேர் அன்று சாயங்காலம் ஸ்கூட்டரில் வந்து இறங்கி, சத்தமே இல்லாமல் அடுப்படி வாசலில் வந்து நின்ற என் கணவரைப் பார்த்து நான் கரண்டியைக் கீழே போட்டுவிட்டேன். அடுத்த வாரமே காலிங் பெல் வாங்கி மாட்டினோம். அது ‘டிங் டாங்’ என்கிறது. பால்காரரா, அவரா என்று சொல்ல முடியவில்லை. எழுந்து போய்த்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.